விழுந்தது ட்ரோன்... மாட்டினது யாரு?



நாலு மாசம் பாக்கெட் மணியை மிச்சம் பிடிச்சு, கேன்டீன்ல பரோட்டாவைத் தியாகம் பண்ணி, லேப் அண்ணாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி சோல்டரிங் அயர்ன் வாங்கி, ஒரு ட்ரோன் கட்டியிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். காலேஜ் கிரவுண்டுல 20 மீட்டர் உயரத்துல ஜம்முனு நிக்குது. சுத்தி நிக்குற கும்பல் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்குது. உங்க நெஞ்சு ரெண்டு இன்ச் விரியுது. திடீர்னு ஒரு பக்கமா சாயுது... ஒரு குட்டிக்கரணம்... டமால்!

அந்த நிமிஷம் உங்க வாயில இருந்து வர்ற முதல் கேள்வி என்னவா இருக்கும்? 'ஏன் விழுந்துச்சு?'ன்னா நீங்க மகான். எங்க டீம்ல ஆறு பேரும் ஒரே குரல்ல கேட்டது, "யார்றா ஓட்டினது?"

ஓட்டினது எங்க ஜூனியர். ஃபர்ஸ்ட் இயர் பையன். கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல மாசக்கணக்கா பழகிட்டு, அன்னிக்குத்தான் முதல் தடவையா நிஜ ட்ரோனை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனான். அடுத்த மூணு நாள்ல நடந்த கதைதான் இந்தக் கட்டுரை. உங்க ட்ரோனும் ஒருநாள் விழும் பாஸ், சாபம் இல்ல, சத்தியம்! அன்னிக்கு இது உதவும்.

முதல் அஞ்சு நிமிஷம்

ட்ரோன் விழுந்ததும் ஓடிப்போய் அள்ளிக்கிட்டு வர்றதுதான் நாம பண்ற முதல் தப்பு. பொறுங்க. முதல்ல ரிமோட்ல த்ராட்டிலை முழுசா இறக்கி டிஸ்ஆர்ம் பண்ணுங்க. விழுந்த பிறகும் மோட்டார் சுத்தினா ப்ரொப்பெல்லர் விரலைக் கிழிச்சிடும். அடுத்து பேட்டரியைக் கழட்டுங்க. லித்தியம் பாலிமர் பேட்டரி அடிபட்டிருந்தா உடனே எதுவும் தெரியாது, கொஞ்ச நேரம் கழிச்சுக்கூட தீப்பிடிக்கும். உப்பியிருக்கா, சூடா இருக்கா, இனிப்பா ஒரு கெமிக்கல் வாசனை வருதான்னு பாருங்க. சந்தேகமா இருந்தா மண் போட்ட இரும்பு வாளியில வெச்சு, வெட்டவெளியில விட்டுடுங்க. ஹாஸ்டல் ரூமுக்கு எடுத்துட்டுப் போகவே கூடாது.

அப்புறம் போட்டோ. எந்தக் கை உடைஞ்சிருக்கு, எந்த ப்ரொப்பெல்லர் முழுசா இருக்கு, எது எவ்வளவு தூரத்துல சிதறிக் கிடக்கு, எல்லாத்தையும் தொடறதுக்கு முன்னாடியே படமா எடுங்க. உதாரணமா, ஒரு ப்ரொப்பெல்லர் மட்டும் ட்ரோன் கிடக்குற இடத்துல இருந்து ரொம்ப தூரத்துல கிடந்தா, அது விழுந்ததால கழண்டிருக்காது. ஆகாசத்துலயே கழண்டதாலதான் ட்ரோன் விழுந்திருக்கும்!

எங்க கேஸ்ல நாலு ப்ரொப்பெல்லரும் அததோட மோட்டார்லயே இருந்தது. ரெண்டுல நுனி உடைஞ்சிருந்தது, அவ்வளவுதான். அதனால சந்தேகம் இன்னும் அதிகமா ஜூனியர் பக்கமே திரும்பிச்சு.

பஞ்சாயத்து

அன்னிக்கு சாயங்காலம் மெக்கானிக்கல் பிளாக் படிக்கட்டுல கூடுச்சு எங்க நாட்டாமை கும்பல். சாட்சி நம்பர் ஒன், ஃபைனல் இயர் அண்ணா. "நான் கண்ணால பார்த்தேன்டா. பயத்துல த்ராட்டிலைக் கீழ இழுத்துட்டான்!" சாட்சி நம்பர் டூ, வீடியோ எடுத்தவன். அவன் வீடியோவுலயும் ட்ரோன் தலைகீழா இருக்கு, ஓரத்துல ஜூனியரோட கட்டைவிரல் த்ராட்டில் ஸ்டிக்கைக் கீழ தள்ளியிருக்கு. அப்புறம் என்ன... தீர்ப்பு ரெடி!

ஜூனியர் ஒண்ணுதான் சொன்னான். "அக்கா, அது சாய்ஞ்ச பிறகுதான்க்கா நான் இறக்கினேன்." நான் எதுவும் சொல்லலை. அண்ணாவே கண்ணால பார்த்திருக்காரே, இனி என்ன பேசறதுன்னு விட்டுட்டேன்.

மறுநாள் அவன் வரலை. அவனோட ரூம்மேட் வந்து ஒரு கவரைக் கொடுத்துட்டுப் போனான். உள்ளே 1,500 ரூபாய். "ரிப்பேருக்கு வெச்சுக்கோங்க அண்ணா, இனிமே நான் கிளப்புக்கு வரலை"ன்னு ஒரு துண்டுச் சீட்டு. அந்த 1,500 அவனுக்கு எவ்வளவு பெரிய காசுன்னு ஹாஸ்டல்ல இருக்குற எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கவரைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறுத்துச்சு. வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ட்ரோன் முதல்ல சாய்ஞ்சதா, விரல் முதல்ல இறங்கிச்சான்னு அதுல தெளிவா இல்ல. ஏன்னா, எடுத்தவன் முதல்ல ட்ரோனை எடுத்துட்டு, அது புரண்ட பிறகுதான் கேமராவை ஜூனியர் பக்கம் திருப்பியிருக்கான்!

கறுப்புப் பெட்டி நம்மகிட்டயும் இருக்கு

பிளேன் விழுந்தா கறுப்புப் பெட்டியைத் தேடுறாங்க இல்லையா, அந்தச் சமாச்சாரம் நம்ம ட்ரோன்லயும் இருக்கு. ஆர்டுபைலட் மாதிரி ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்ல ஓடுற ஃப்ளைட் கன்ட்ரோலர், பறக்குற ஒவ்வொரு நிமிஷமும் டைரி எழுதிக்கிட்டே இருக்கும். எஸ்.டி. கார்டுல இருக்குற அந்த ஃபைலை மிஷன் பிளானர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல திறந்தா, மொத்தக் கதையும் கிராஃபா வந்து நிக்கும். பைலட் ஸ்டிக்கை எங்கே வெச்சிருந்தார், கன்ட்ரோலர் ஒவ்வொரு மோட்டாருக்கும் என்ன ஆர்டர் போட்டுச்சு, ட்ரோன் எவ்வளவு சாயணும்னு நினைச்சது, நிஜமா எவ்வளவு சாய்ஞ்சது, பேட்டரி வோல்டேஜ், ஜி.பி.எஸ்., அதிர்வு... எல்லாமே செகண்டுக்குப் பல தடவை பதிவாகும்.

முதல் தடவை திறந்தா தலை சுத்தும். அதனால ஒவ்வொரு சந்தேகத்தையும் தனித்தனியா கூண்டுல ஏத்துங்க.

முதல் ஆள், கரன்ட் கட். பறந்துக்கிட்டு இருக்கும்போதே மொத்த கரன்ட்டும் போனா, டைரியும் பாதியிலேயே நின்னுடும். கடைசி வரியில உயரம் 20 மீட்டர்னு இருந்து அதோட ஃபைல் முடிஞ்சா, வில்லன் பேட்டரி கனெக்டரோ பவர் மாட்யூலோதான். எங்க ஃபைல் தரையில மோதுற வரைக்கும் ஒழுங்கா ஓடியிருந்தது. அதனால இவர் ரிலீஸ்.

ரெண்டாவது ஆள், காலியான பேட்டரி. மூணு செல் பேட்டரி முழுசா சார்ஜ் ஆனா 12.6 வோல்ட். ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட்டை நெருங்கும்போதே இறக்கிடறது நல்ல பழக்கம். பேட்டரி சோர்ந்தா நாலு மோட்டாருக்கும் போற ஆர்டர் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போகும், ட்ரோன் உயரத்தைப் பிடிக்க முடியாம இறங்கும். அதுக்காகக் குட்டிக்கரணம் அடிக்காது. எங்களுக்கு 11.3 வோல்ட் இருந்தது. இவரும் ரிலீஸ்.

மூணாவது ஆள், அதிர்வு. பேலன்ஸ் இல்லாத ப்ரொப்பெல்லர், லூஸான ஸ்க்ரூ எல்லாம் சென்சாரையே குழப்பிடும். டைரியில அதிர்வு 30-க்குக் கீழே இருந்தா பொதுவா பிரச்னை இல்ல. 60-ஐத் தாண்டினா ஆபத்து. எங்களுக்கு 15-க்குள்ளேயே இருந்தது.

நாலாவது, ஜி.பி.எஸ். - காம்பஸ் கூட்டணி. காம்பஸ் பக்கத்துல பேட்டரி வயர் போனா, கரன்ட் உண்டாக்குற காந்தப்புலம் திசையையே மாத்திக் காட்டும். ட்ரோன் நின்ன இடத்துல நிக்காம வட்டம் வட்டமா சுத்தும், இல்லேன்னா எங்கேயோ இழுத்துக்கிட்டு ஓடும். எங்களுது கடைசி வரைக்கும் ஒரே புள்ளியில ஆணி அடிச்ச மாதிரி நின்னது.

மிச்சம் ரெண்டே பேர். ஒண்ணு பைலட். இன்னொண்ணு, மோட்டார் பக்கத்துக் கோளாறு.

கட்டில் தூக்கற கணக்கு

ஹாஸ்டல்ல ரூம் மாத்தும்போது நாலு பேர் சேர்ந்து இரும்புக் கட்டில் தூக்கியிருப்பீங்க. பின்பக்கம் இடது மூலையில இருக்குறவனுக்குக் கை நழுவுதுன்னு வைங்க. என்ன பண்ணுவீங்க? "டேய், தூக்குடா!"ன்னு அவனைப் பார்த்துக் கத்துவீங்க. எதிர்மூலையில இருக்குறவனை, "நீ கொஞ்சம் இறக்கு மச்சான்"ம்பீங்க. கட்டில் சமமா இருக்கணும் இல்லையா?

ஃப்ளைட் கன்ட்ரோலரும் அச்சு அசலா இதையேதான் பண்ணும். ஒரு மூலை தொங்கினா அந்த மோட்டாருக்கு 'ஃபுல் ஸ்பீடு போ'ன்னு ஆர்டர் போடும், குறுக்கே எதிர்ல இருக்குற மோட்டாரைக் குறைக்கும். அதனால டைரியில ஒரு மோட்டாரோட கோடு சட்டுனு உச்சிக்கும், எதிர்மூலைக் கோடு அடிக்கும் போச்சுன்னா, உச்சிக்குப் போன அந்த மூலையிலதான் கோளாறு. ஞாபகம் வெச்சுக்கோங்க, அது நல்லா வேலை செஞ்ச மோட்டார் இல்ல. கத்திக் கத்திக் கூப்பிட்டும் பதில் சொல்லாத மோட்டார்!

எங்க கிராஃப்ல நாலு கோடும் 1,500-க்குப் பக்கத்துல அமைதியா போய்க்கிட்டு இருந்தது. 41.2-வது செகண்டுல ரெண்டாம் நம்பர் மோட்டார், அதாவது பின்பக்கம் இடது, 1,900-ஐத் தாண்டி எகிறியிருக்கு. அதுக்குக் குறுக்கே இருக்குற ஒண்ணாம் நம்பர் 1,100 வரைக்கும் சரிஞ்சிருக்கு. 41.4-ல ட்ரோன் கன்ட்ரோலர் பேச்சைக் கேக்காம சாய ஆரம்பிச்சிருக்கு.

சரி, அந்த நேரத்துல ஜூனியர் என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்? ஸ்டிக் பதிவைப் பக்கத்துல போட்டுப் பார்த்தோம். நாலு ஸ்டிக் கோடும் நடுவுல, அசையவே இல்ல. த்ராட்டில் கீழே இறங்கினது 42.1-வது செகண்டுல.

0.9 செகண்ட்! கோளாறு வந்து 0.9 செகண்ட் கழிச்சுத்தான் அவன் கை அசைஞ்சிருக்கு. அண்ணா கண்ணால பார்த்ததும் உண்மைதான், வீடியோவுல இருந்ததும் உண்மைதான். எது முதல்ல நடந்துச்சுங்குறதை மட்டும் ரெண்டும் சொல்லலை. இன்னொரு விஷயம், புரண்டுபோன ட்ரோனுக்கு த்ராட்டிலை இறக்கறதுதான் சரியான வேலை. முதல் தடவை உசரத்துக்குப் போன பையன், ஒரு செகண்டுக்குள்ள சரியானதைச் செஞ்சிருக்கான். நாங்க அவனுக்கு ஃபைன் போட்டிருக்கோம்!

டேபிள் மேல போஸ்ட்மார்ட்டம்

டைரி மூலையைத்தான் காட்டும், மூலையில எது கெட்டதுன்னு சொல்லாது. மோட்டாரா, அதுக்குக் கரன்ட் அனுப்பற ஸ்பீடு கன்ட்ரோலரா, வயரா? அதைக் கையாலதான் தேடணும். முதல் விதி, ப்ரொப்பெல்லரைக் கழட்டாம டேபிள் மேல மோட்டாரை ஓட்டவே கூடாது.

கழட்டிட்டு ஓட்டினோம். ரெண்டாம் நம்பர் மோட்டார் ச்சும்மா வெண்ணெய் மாதிரி சுத்துச்சு! நல்லா பல்பு வாங்கினோம். "லாக் பொய் சொல்லுது"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். லேப் அண்ணா வந்து எட்டிப் பார்த்துட்டு, "சுத்தும்போது வயரை ஆட்டிப் பாரும்மா"ன்னார். பிளாஸ்டிக் குச்சியால ஒவ்வொரு வயரா லேசா தட்டினோம். மூணாவது வயரைத் தொட்டதும் மோட்டார் குடுகுடுன்னு உதறிட்டு நின்னுடுச்சு.

இந்த மோட்டாருக்கு மூணு வயர் வழியா மாத்தி மாத்திக் கரன்ட் போனாத்தான் சுத்தும். ஒரு வயர் விட்டுப்போனா இழுவை போயிடும், உதறும், நின்னுடும். பேட்டரியைக் கழட்டிட்டு, அந்த இடத்துல இருந்த கறுப்பு ஸ்லீவை வெட்டி எடுத்தோம். உள்ளே புல்லட் கனெக்டர். லேசா இழுத்தேன். வயர் ஈயத்தோட கையோட வந்துடுச்சு. ஈயம் பளபளன்னு இல்லாம சாம்பல் கலர்ல, ரவை மாதிரி சொரசொரன்னு இருந்தது. 'கோல்டு ஜாயின்ட்'ம்பாங்க. பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், நிஜத்துல ஒட்டியிருக்காது.

ஏன் இப்படி ஆகுது? தடிமனான வயரும் பித்தளை கனெக்டரும் சூட்டை உறிஞ்சிக்கும். 25 வாட் அயர்ன்ல ஈயம் உருகிடும், ஆனா கனெக்டர் தேவையான சூட்டுக்கு வராது. சூடாகாத உலோகத்து மேல ஈயம் பரவாது, மெழுகு மாதிரி மேலேயே உட்கார்ந்துடும். தரையில நாலு டெஸ்ட்டைத் தாங்கும். பறக்கும்போது அதிர்வுல, சூட்டுல ஒருநாள் விட்டுடும்.

அந்த ஜாயின்ட்டை வெச்சது யாருன்னு கேக்குறீங்களா?

நான்தான்.

பறக்கவிட்டதுக்கு முதல் நாள் ராத்திரி ரெண்டு மணி. 60 வாட் அயர்னை வேற டீம் வாங்கிட்டுப் போயிருந்தாங்க. 'இதுலயே உருகுதே, போதும்'னு 25 வாட்லயே வெச்சேன். இழுத்துப் பார்க்கலை. மேலே ஸ்லீவ் போட்டு மூடிட்டுத் தூங்கப் போயிட்டேன். பஞ்சாயத்துல ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருந்ததும் நான்தான்.

செவ்வாயில் விழுந்த ஹெலிகாப்டர்

'முதல்ல தோணுற காரணம் தப்பா இருக்கலாம்'ங்குறது நம்ம லெவலுக்கு மட்டும் இல்ல பாஸ். நாசா அனுப்பின இன்ஜெனுயிட்டி ஞாபகம் இருக்கா? செவ்வாய் கிரகத்துல பறந்த 1.8 கிலோ குட்டி ஹெலிகாப்டர். 2021 ஏப்ரல் 19-ல முதல் தடவை பறந்தது. அஞ்சு தடவை பறந்தாலே போதும்னு பிளான் போட்டாங்க, அது 72 தடவை பறந்தது!

2024 ஜனவரி 18-ல 72-வது பறத்தல். 12 மீட்டர் மேலே போய், இறங்கும்போது தொடர்பு போச்சு. அப்புறம் வந்த போட்டோக்கள்ல இறக்கைகள் உடைஞ்சிருந்தது தெரிஞ்சது. 'இறக்கை தரையில இடிச்சு உடைஞ்சிருக்கும்'கிறதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணின கதை. போய்ப் பார்க்க ஆள் கிடையாது, கறுப்புப் பெட்டியும் கிடையாது. வந்து சேர்ந்த தகவல்களையும் போட்டோக்களையும் மாசக்கணக்கா அலசி, 2024 டிசம்பர்ல ஜெட் ப்ரொபல்ஷன் லேப் விஞ்ஞானிகள் சொன்ன முடிவு வேற.

இன்ஜெனுயிட்டி கீழே பார்க்குற கேமராவுல கல், மண் மாதிரி அடையாளங்களைப் பார்த்துத்தான் தன்னோட வேகத்தைக் கணக்குப் போடும். அன்னிக்குக் கீழே இருந்தது வெறும் மணல் மேடு. அடையாளம் போதலை, வேகக் கணக்கு தப்பாச்சு. பக்கவாட்டு வேகத்தோட சரிவுல போய் மோதிச்சு. அந்த மோதல்ல உடம்பு சட்டுனு புரண்டதுல, நாலு இறக்கையும் தாங்க வேண்டியதுக்கு மேல வளைஞ்சு, நுனியில இருந்து மூணுல ஒரு பங்கு இருக்குற பலவீனமான இடத்துல முறிஞ்சிருக்கலாம்னு சொன்னாங்க. இறக்கை உடைஞ்சது விளைவு. காரணம், கண்ணுக்கு அடையாளம் கிடைக்காத மணல்!

திருப்பிக் கொடுத்த கவர்

கிராஃபை பிரின்ட் எடுத்துக்கிட்டு ஜூனியர் கிளாஸ் வாசல்ல போய் நின்னேன். ஃபைனல் இயர் அண்ணாவும் கூட வந்தார். கவரை நீட்டினேன். "நீ ஓட்டினதுல தப்பே இல்லடா. ஜாயின்ட் வெச்சது நான். அது சரியில்ல. அன்னிக்கு நான் வாயைத் திறக்காம இருந்ததும் தப்பு. சாரி."

அவன் கவரைப் பார்க்கவே இல்ல. பிரின்டை வாங்கி, 41.2-க்கும் 42.1-க்கும் நடுவுல இருந்த இடைவெளியை விரலால தடவிக்கிட்டே கேட்டான். "அப்போ என் கை ஒண்ணும் பண்ணலையாக்கா?" மூணு ராத்திரியா அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கான். "பயத்துல நானே இழுத்துட்டு எனக்கே ஞாபகம் இல்லையோன்னு நினைச்சேன்க்கா"ன்னான். அண்ணா அவன் தோள்ல கை போட்டு, "ஸாரிடா தம்பி"ன்னார். அதுக்கு மேல யாருக்கும் பேச வரலை.

அடுத்த வாரம் புது மோட்டார் வயரோட ட்ரோன் ரெடி. ஓட்டினது அவன்தான். 5 மீட்டருக்கு மேல போக மாட்டேன்னு அடம் பிடிச்சான். போகப் போக ஏறுவான், விடுங்க.

மறுபடி பறக்குறதுக்கு முன்னாடி...

எங்க கிளப் சுவத்துல இப்போ ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. காப்பி அடிச்சுக்கோங்க.

* தடி வயருக்கு 60 வாட் அயர்ன், ஃபிளக்ஸ் ரெண்டும் வேணும். வயர், கனெக்டர் ரெண்டுக்கும் தனித்தனியா ஈயம் பூசிட்டு அப்புறம் சேருங்க. ஸ்லீவ் போடுறதுக்கு முன்னாடி நல்லா இழுத்துப் பாருங்க.

* ஒருத்தர் வெச்ச ஜாயின்ட்டை இன்னொருத்தர் செக் பண்ணணும். ராத்திரி ரெண்டு மணிக்கு வெச்சதை காலையில வெச்சவரே மறுபடி பார்க்கணும்.

* ரிப்பேருக்குப் பிறகு முதல் தடவை, இடுப்பு உயரத்துல ரெண்டு நிமிஷம் நிறுத்தி, இறக்கி, டைரியைப் படிச்சுட்டு அப்புறம்தான் உயரம்.

* ஆள் தலைக்கு மேல பறக்கவே கூடாது. காற்றுத் தடையைக் கணக்குல எடுக்காம பார்த்தா, 20 மீட்டர்ல இருந்து விழறது ரெண்டு செகண்டுல தரைக்கு வந்துடும். வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர்! எங்க ட்ரோன் விழுந்த இடத்துல யாரும் நிக்கலை. அது எங்க அதிர்ஷ்டம்.

* 2021-ல வந்த ட்ரோன் ரூல்ஸ்படி 250 கிராமுக்கு மேல, 2 கிலோ வரைக்கும் 'மைக்ரோ' ரகம். உங்க காலேஜ் எந்த ஸோன்ல வருதுன்னு டிஜிட்டல் ஸ்கை மேப்ல பார்த்துட்டு, பர்மிஷன் வாங்கிட்டுப் பறக்கவிடுங்க.

* ட்ரோன் விழுந்தா, டைரியைத் திறக்குற வரைக்கும் யார் பேரையும் சொல்லக் கூடாது.

கடைசி வரியை மட்டும் சிவப்பு மார்க்கர்ல எழுதியிருக்கோம். எழுதினது யாருன்னு நினைக்குறீங்க? நம்ம ஜூனியரேதான்!